நோயாளி இல்லாத வீட்டுக்கு வந்தவர்கள்

ஆள் இல்லாமலே ஆளுக்குச் சுகம் விசாரிக்க முடியும் என்பதை நான் லண்டனில்தான் கண்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலம் முழுவதும் எங்கள் சனம் என் மகனுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டு, திராட்சைப் பழமும் மாரி பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, ரயில் மாறி மாறி மோர்டனுக்குப் போனது. அங்கே தேநீர் குடித்தது, பெருமூச்சு விட்டது, நாலு ஆலோசனை சொன்னது, திரும்பி வந்தது. என் மகன் அப்போது கிங்ஸ்பரியில் இருந்தான். மோர்டன் தெற்கே ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன். நாங்கள் இருந்தது வடமேற்கில்.

அவனுக்கு அப்போது நாலு வயது. பிறந்த சில மாதங்களிலேயே கன்னம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. கரப்பன் என்றார்கள். பல் முளைத்தால் மாறும் என்றார்கள். பல் முளைத்தது, கரப்பன் முழங்காலுக்கும் முழங்கைக்கும் கழுத்துக்கும் இறங்கியது. அந்தப் பல்லாலேயே கையைக் கடித்துச் சொறிந்தான். அதோடு மாதம் தவறாமல் காதில் சீழ், நெஞ்சில் சளி, காய்ச்சல். கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தத்தைக் குழாய் குழாயாக எடுத்துப் பார்த்து, இவனுடைய உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தியில் பெரிய ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. முட்டைக்கும் பாலுக்கும் பூனைமயிருக்கும் இந்த உடம்பு துள்ளிக் குதித்து எதிர்க்கிறதே, பிறகெப்படி எதிர்ப்புச் சக்தி இல்லை என்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்து இருக்கலாம் என்றார் டாக்டர். போஸ்ட்காரரைக் கண்டால் கடித்துக் குதறி, கள்ளன் வந்தால் வாலாட்டும் நாய் ஒன்றைப் பிள்ளைக்குள் கட்டி வைத்திருக்கிறது என்று நான் விளங்கிக்கொண்டேன்.

அந்த இலையுதிர் காலத்தில் காதுக்குக் கொடுத்த ஒரு மருந்து அவனுக்கு ஒத்துவரவில்லை. காலையில் சிவந்தான், மாலையில் கொப்பளித்தான், அடுத்த நாள் உதட்டிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் தோல் உரிந்து வந்தது. நெருப்பில் விழுந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்கள். பல கிழமை கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து, மற்ற மனிதர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சக்தியை ஊசி வழியாக ஏற்ற வேண்டும். அது உடம்பில் பிடிக்க இந்தக் குளிர்காலம் முழுவதும் எடுக்கும். அதுவரை வெளியாட்கள் யாரும் வீட்டுக்குள் வரக்கூடாது, முக்கியமாகப் பிள்ளைகள். எல்லாவற்றையும்விடக் கொப்பளிப்பான் வந்த யாரும் பக்கத்தில் வரக்கூடாது. ஊரில் அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை கட்டிச் சும்மா படுத்துக்கிடந்து எழும்புகிற அந்தக் கொப்பளிப்பான்தான். அது இவனுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். பிறகு, அது வரக்கூடாது என்று மட்டும் சொன்னார். நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கார்பெட்டை எல்லாம் பிடுங்கி எறிந்தோம். தூசிக்குள் இருக்கும் பூச்சிகள் அவனுக்கு ஆகாது. நாளுக்குப் பலதரம் பெரிய டப்பாவிலிருந்து அள்ளி அள்ளிக் களிம்பு பூசினேன். கதவுக் கைபிடி வழுக்கியது, குளியல் தொட்டி வழுக்கியது, வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் களிம்பில் ஊறி இளகிப்போய்ச் சமையலறையில் வெள்ளம் வந்தது. களிம்புக்கு மேல் ஈரத் துணிக்குழாய் ஒன்று, அதற்கு மேல் காய்ந்த துணிக்குழாய் ஒன்று, கை, கால், உடம்பு எல்லாம் மாட்டி, முகத்துக்கும் ஒன்று போட்டுக் கண்ணுக்கும் வாய்க்கும் ஓட்டை வெட்டிவிடுவேன். காஸ் மீட்டர் பார்க்க வந்த வெள்ளைக்காரர் படிக்கட்டில் நின்ற இவனைக் கண்டு, மன்னிக்கவும் என்று இவனிடமே சொல்லிவிட்டு மீட்டரைப் பார்க்காமலே போய்விட்டார். இன்றைக்கும் என் மகன் புதுச் சட்டை வாங்கினால் கொலரில் தைத்திருக்கும் லேபிளை வெட்டி எறிந்துவிட்டுத்தான் போடுவான்.

அவனுடைய கரடிப் பொம்மைக்கும் வைத்தியம் இருந்தது. பொம்மையின் பஞ்சுக்குள்ளும் அந்தப் பூச்சிகள் இருக்கும், அவை சாக வேண்டுமென்றால் கிழமைக்கு ஒரு இரவு பொம்மையை ஃப்ரீசரில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஃப்ரீசரில் ஏற்கெனவே அறக்குளா மீன் துண்டுகள் இருந்தன. கரடியைப் பையில் போட்டு மீனுக்கு மேல் படுக்கவைத்தேன். மகன் ஃப்ரீசர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கரடிக்குக் குளிருமோ அம்மா?"

"குளிரட்டும். அதுக்குத் தோல் இருக்கு," என்றேன்.

இந்த நிலையில்தான் சனம் போன் எடுக்கத் தொடங்கியது. எங்கள் ஆட்களுக்குள் ஒருவர் ஆஸ்பத்திரியால் வந்துவிட்டார் என்றால் போய்ப் பார்க்காமல் இருப்பது லேசான விஷயமல்ல. நான் படுத்திருக்கேக்கை அவை எட்டியும் பாக்கேல்லை என்று இருபது வருடம் கழித்துக் கல்யாணவீட்டில் சொல்லிக்காட்டுவார்கள். வரவேண்டாம் என்று சொல்வது அதைவிட மோசம். எங்கள் பேச்சில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: உனக்கும் எனக்கும் இனிமேல் கொடுக்கல் வாங்கல் இல்லை. கிருமிக்காக வரவேண்டாம், மற்றபடி அன்புதான் என்று சொல்வதற்கு யாரும் வழி கண்டுபிடித்து வைக்கவில்லை. நான் நேரே சொல்லிப் பார்த்தேன்.

"டாக்டர் ஒருத்தரையும் விடவேண்டாம் எண்டவர். குறை நினையாதேங்கோ."

"ஒருத்தரையும் எண்டால் பிறத்தி ஆக்களை. நாங்கள் என்ன பிறத்தியே?"

"ஆராயிருந்தாலும் வரேலாது."

"நாங்கள் தலை தோய்ஞ்சிட்டுத்தான் வருவம் பிள்ளை."

இன்னொரு வீட்டார் நான் சொல்லி முடிக்கும் முன்பே போனை வைத்தார்கள். வேறொருத்தி அழுதாள். அவளுக்கும் சேர்த்து நான் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்கு என் கணவர் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"நீர் கதைச்சால் சனம் கோவிக்கும். இனி நான் பாக்கிறன்."

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. இரட்டைக் கண்ணாடி யன்னல் விற்க வந்தவனைக் கூட உள்ளே கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, அவன் தன் பெண்சாதியோடு போட்ட சண்டையைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். அப்படிப்பட்டவர் போனை எடுத்து என்ன செய்யப்போகிறார் என்று நான் களிம்புக் கையோடு காதைக் கொடுத்தேன்.

"பிள்ளை இஞ்சை இல்லையண்ணை," என்றார். "மச்சான் வீட்டிலை நிக்கிறான். ஓம், மோர்டனிலை. அங்கை காத்து நல்லது."

மச்சான் என்றால் என் சொந்த அண்ணை. களிம்பு டப்பாவை மூடிவிட்டுக் கணவரைப் பார்த்தேன். அவர் போனை வைத்துவிட்டு, ஒரு பெரிய வேலையை முடித்த ஆள்போலத் திரும்பினார்.

"மோர்டன் தூரம். ஒருத்தரும் போகாயினம்," என்றார்.

அவருக்கு எங்கள் சனத்தைத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே போனார்கள். அதுவரை இவர் என் அண்ணைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னேரம் சொல்லுவம் என்று இருந்துவிட்டார்.

கதவைத் திறந்தது அண்ணி. வாசலில் ஐந்தாறு பேர் தலையில் சிணுங்கல் மழையோடு, கையில் பைகளோடு, முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவர் ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, அப்டன் பார்க்கில் மகளோடு இருப்பவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளை எப்பிடி என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறார். அண்ணிக்கும் என் மகன் வயதில் ஒரு மகன் உண்டு. அவனைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, மரத்தாலை விழுந்து எழும்பி நல்லாய் நிக்கிறான் என்றிருக்கிறாள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியால் எப்போது வந்தவன் என்று அடுத்தவர் கேட்ட பிறகுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது.

வேறு யாராக இருந்தாலும், பிள்ளை இங்கே இல்லை, உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டிருப்பார்கள். அண்ணி கேட்கவில்லை. லண்டனின் கிழக்கு மூலையிலிருந்து மழையில் வந்த சனத்தை எப்பிடித் திருப்பி அனுப்புறது என்று பிறகு என்னிடம் கேட்டாள். உதட்டில் விரலை வைத்து, இப்பதான் கண் அயர்ந்தவன் என்று சொல்லி, எல்லோரையும் உள்ளே விட்டுத் தேநீருக்குக் கேத்திலை வைத்திருக்கிறாள்.

அன்று பின்னேரம் அவளிடமிருந்து போன் வந்தது. பொய்க்குள் தன்னை இழுத்துவிட்டதற்குத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக்கூடாதோ? வீட்டிலை பாலும் இல்லை, கடிக்க ஒண்டும் இல்லை. வெறும் தேத்தண்ணி குடுத்தனான். வெக்கமாப் போச்சு."

அடுத்த கிழமை வடை சுட்டு வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு சனியும் ஞாயிறும் மோர்டனில் ஆள் குறைவில்லை. அந்தத் தெருவில் அப்போது வேறு தமிழ் வீடு இல்லை. அண்ணை இரவு ஷிப்ட், பகலில் தூக்கம். அண்ணிக்குக் கதைக்கப் பிடிக்கும், கதைக்க ஆள் இல்லாமல் இருந்தாள். இப்போது லண்டனே அவளைத் தேடி வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் எனக்குப் போன் எடுத்து விவரம் கேட்பாள். வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம்.

"காய்ச்சல் என்ன?"

"காய்ச்சல் இல்லை அண்ணி."

"ஒண்டும் இல்லையோ? அவ்வளவு தூரம் வாற சனத்துக்கு ஒண்டுமில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? கொஞ்சம் எண்டு சொல்லுறன்."

நோயாளி மேல்மாடியில் படுத்திருப்பதாக ஏற்பாடு. உண்மையில் மேலே படுத்திருந்தது என் அண்ணை. கீழே சனம் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருக்கும். பலகை கிரீச்சிட்டால், பாவம், திரும்பிப் படுக்கிறான் போலை என்பார்கள். அண்ணை குறட்டை விடத் தொடங்கினால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். இந்த வயசிலை இவ்வளவு இழுப்போ என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாளாம். ஒருநாள் அண்ணை இடுப்பில் சாரத்தோடு தண்ணீர் குடிக்க இறங்கி வந்திருக்கிறார். முன்னறை நிறையச் சனம், ஒருவரும் கதைக்கவில்லை, எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள். யாரோ செத்துப்போனார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். மாஸ்டர் எழுந்து வந்து தோளில் கை வைத்து, தைரியமா இருங்கோ என்றார். அண்ணை ஓம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்காமலே மேலே போய்விட்டார். யார் செத்தது என்று மாலைவரை அவருக்குத் தெரியாது.

வந்த சாமான்களை அண்ணை எப்போதாவது எங்கள் வீட்டு வாசற்படியில் கொண்டுவந்து வைப்பார். மணியை அடித்துவிட்டுத் தெருக் கேற்றுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். நான் மேல் யன்னலைத் திறந்து, ஆராவது தும்மினவையோ என்று கத்துவேன். இல்லை என்று அவரும் கத்துவார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பாள். சனம் கொடுத்துவிட்ட மால்ட் மாப் போத்தல்களை என் கணவர் ப்ளீச் தண்ணீரில் துடைத்து அடுக்குவார். அவற்றில் பால் இருந்ததால் மகன் ஒன்றையும் வாயில் வைக்க முடியாது. நாங்கள் குடித்துக் குடித்து ஊதினோம்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. முன்பெல்லாம் அண்ணி கிழமைக்கு ஒருதரமாவது எங்கள் வீட்டுக்கு வருவாள். இந்தக் கூத்துத் தொடங்கிய பிறகு அவள் கேற்றடிக்குக் கூட வரவில்லை. அண்ணை வந்தால் தனியாகத்தான் வந்தார். அவளுக்கு இப்போது தன் முன்னறைதான் உலகம் என்று நான் கறுவினேன்.

"அவவுக்கு வருத்தம் இருந்தால் போதும், பிள்ளை தேவையில்லை," என்று கணவரிடம் சொன்னேன்.

"அப்பிடிச் சொல்லாதையும்," என்றார்.

மாஸ்டருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு முடிவு இருந்தது. இது கிரந்தி. கத்தரிக்காய், றால், கணவாய், நண்டு எல்லாம் கிரந்திச் சாப்பாடு, உடம்பில் சொறியைக் கிளப்பும். டாக்டர்களுக்கு இது தெரியாது, கத்தரிக்காயை நிறுத்தினால் தோல் தானாக வரும். ஒவ்வொரு கிழமையும் இதைச் சொல்லிவிட்டுப் போவார், அண்ணி எனக்குச் சொல்லுவாள். என் மகன் பிறந்ததிலிருந்து கத்தரிக்காயைக் கண்ணாலும் கண்டதில்லை. சோறு, அவித்த பேரிக்காய், ஆட்டிறைச்சி, மருந்துக்கடையில் வாங்கும் ஒரு நாற்றம் பிடித்த மா, அவ்வளவுதான் அவனுடைய உலகம். ஓம், நிப்பாட்டிப்போட்டம் எண்டு சொல்லுங்கோ என்றேன், அவர் வாயை அடைக்கலாம் என்று.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அண்ணியின் மகன் ஓடி விளையாடிக் களைத்து, முன்னறைச் சோபாவில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டான். மாஸ்டர் வந்தார். சோபாவில் பிள்ளை படுத்திருப்பதைக் கண்டு, கீழே இறக்கிவிட்டார்கள் என்று நினைத்து, நுனிக்காலில் போய்ப் போர்வையின் ஒரு மூலையைத் தூக்கினார். கொழுகொழுவென்று, ஒரு கீறல் இல்லாத கை ஒன்று வெளியே கிடந்தது. அவர் அப்படியே நின்றார். கண் கலங்கிவிட்டதாம். பிறகு திரும்பி, எல்லோரும் கேட்கும்படி ஒரே ஒரு சொல் சொன்னார்.

"கத்தரிக்காய்."

அண்ணிக்கு வாய் திறக்க முடியவில்லை. திறந்தால் இதுவரை சொன்னதெல்லாம் அவிழ்ந்துவிடும்.

அன்று இரவுக்குள் லண்டன் முழுவதும் என் மகன் சுகமாகிவிட்டான். போன் மேல் போன். கிரந்தியை விட்டதும் பார்த்தீர்களா என்றார்கள். என் கணவரோடு வேலை செய்த மலேசியத் தமிழர் ஒருவர், அவருக்குத் தோலில் ஒரு வருத்தமும் கிடையாது, "நானும் கத்தரிக்காய நிறுத்திட்டேன்," என்று சொன்னார். அந்தச் சனிக்கிழமைதான் மகனின் முழங்கால் மடிப்பு மறுபடி வெடித்து, துணிக்குழாயோடு இரத்தம் ஒட்டிக் காய்ந்துவிட்டது. தண்ணீர் விட்டு விட்டு, மெல்ல மெல்ல அதைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவன் அழாமல் என் தலைமயிரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். ஈரக் கையோடு எழுந்துபோய் வாழ்த்துக்களை வாங்கினேன். நன்றி, ஓம், நன்றி. எனக்கு மாஸ்டர் மேல் கோபம் வந்தது, அண்ணி மேல் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, போர்வைக்கு வெளியே கிடந்த அந்தக் கையை ஒருக்கால் தடவிப் பார்க்க வேண்டும்போல ஆசையாக இருந்தது.

சுகமான பிள்ளையைப் பார்க்க இனிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்தானே. அதுவரை மரியாதைக்கு வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் எல்லோரும் மோர்டனுக்குப் பிள்ளைகளோடு வந்தார்கள். மாஸ்டர் தன் பேத்தியைக் கூட்டிவந்தார். அவளுக்கும் கையில் கொஞ்சம் சொறி, கத்தரிக்காயை விட்டால் மாறும் என்பதற்குச் சாட்சியைக் காட்ட வேண்டும். சிறுமி சோர்ந்துபோய் இருந்தாள். ரயில் களைப்பு என்றார் மாஸ்டர். அண்ணியின் மகனும் அவளும் மேசைக்கு அடியில் ஒரே கார் பொம்மையை இழுத்துக்கொண்டு கிடந்தார்களாம். இதெல்லாம் வழக்கமான வெள்ளிக்கிழமைச் செய்தியில் எனக்கு வந்தது. நான் அரைக் காதால் கேட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எங்கள் வீட்டில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. ஊசி பிடிக்கத் தொடங்கியிருந்தது. மகனின் கன்னத்தில் ஒரு சிறு இடம், ஒரு பிஸ்கட் அளவு, உண்மையான தோலாக இருந்தது. ஊர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு என் கணவரும் பாதி நம்பிவிட்டார்.

"மச்சான் வீட்டாக்களை மட்டும் ஒருக்கா வரச்சொல்லுவமே? பெடியன் தனிச்சுப்போனான். அவன் பெரிய மச்சானைக் கேக்கிறான்."

பெரிய மச்சான் என்றது அண்ணியின் மகனை. சில மாதங்கள்தான் மூத்தவன். எனக்கும் மனம் இளகிவிட்டது. ஒரே ஒரு ஞாயிறு, சொந்த அண்ணை, சொந்த அண்ணி, ஒரு பிள்ளை. டாக்டரிடம் கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் கேட்காமல் விட்டேன். அண்ணிக்குப் போன் எடுத்தேன்.

"ஞாயிறு வாங்கோ அண்ணி. அவனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றுவது கேட்டது.

"ஞாயிறு ஏலாது. இஞ்சை ஆக்கள் வருகினம்."

"ஆர் வருகினம்?"

"ஆராவது வருவினம்தானே. வடைக்குப் பருப்பு ஊறப் போட்டிட்டன்."

நான் போனை அடித்து வைத்தேன். உண்மையான பிள்ளையைப் பார்க்க வா என்றால், பொய்ப் பிள்ளையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். இனி அவளோடு பேச்சில்லை என்று கணவரிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல மால்ட் மா கரைத்துக் கொடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவளே எடுத்தாள்.

"இவனுக்குப் போட்டிருக்கு," என்றாள்.

"என்ன போட்டிருக்கு?"

"கொப்பளிப்பான். விடிய எழும்பேக்கை முதுகு முழுக்க. மாஸ்டர் வீட்டை இப்ப எடுத்துக் கேட்டனான். ஓம், பேத்திக்கும் அம்மாள் வந்து போனவ எண்டு சொல்லுறார். அம்மாளை வெளியிலை சொல்லக்கூடாதாம், அதாலை சொல்லேல்லையாம்."

நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். கொப்பளிப்பான் வெளியே தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் முன்பு ஞாயிற்றுக்கிழமை. நான் வரச்சொன்ன ஞாயிற்றுக்கிழமை. உள்ளறையில் மகன் துணிக்குழாய் முகத்தோடு கரடிக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் அவனுடைய பெரிய மச்சான் உட்கார்ந்திருப்பதை நான் கண்ணால் கண்டேன்.

"அண்ணை வாசலிலை..."

"அவருக்குச் சின்னனிலை வந்தது. எனக்கும் வந்தது. அவர் படியிலை வைச்சிட்டுத்தானே வந்தவர், பயப்பிடாதையும்."

"ஞாயிறு நீங்கள் வந்திருந்தால்..."

"எப்பிடி வாறது? அந்தப் பெட்டையின்ரை நெத்தியைத் தொட்டுப் பாத்தனான், சுட்டது. மாஸ்டர் களைப்பு எண்டார். பிறகு அவரும் ரெண்டு கிழமையாய் வரேல்லை. என்னவோ கிடக்கு எண்டு எனக்குப் பட்டது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் பயந்து சாகமாட்டீரோ? அங்கை நீர் படுற பாடு போதாதோ?" அவள் மூச்சு வாங்கினாள். "இவ்வளவு சனம் வந்து போற வீட்டிலையிருந்து நான் எப்பிடி உங்கை வாறது? ஆரார் என்னத்தைக் கொண்டு வந்தினமோ. அதுதானே இந்தக் குளிர் முழுக்க அந்தப் பக்கம் வரேல்லை. நீர் என்ன நினைச்சீர்?"

நான் என்ன நினைத்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. பின்னால் அவளுடைய மகன் சிணுங்கும் சத்தம் கேட்டது. சொறியாதை ராசா, ஊதிவிடுறன் என்று அவனிடம் சொன்னாள். ஊதினாள். போனுக்குள் அந்தக் காற்று இரைந்தது.

"இஞ்சை வந்தது நல்லது," என்றாள். "இவன் தாங்குவான்."

எனக்கு ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. அவள் ஹலோ என்றாள். கேக்குதோ என்றாள். இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, லைன் கட்டாப் போச்சுப் போலை என்று அண்ணையிடம் சொல்வது கேட்டது. பிறகு போனை வைத்தாள். போன் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.